அடைப்புக்குறியா, அடிக்குறிப்பா? தமிழ் ஆய்வேட்டுக்கு எது ஒத்துவரும்

மு. வரதராசனின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ நூலிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து ஆய்வேட்டில் சேர்க்கிறீர்கள். சாகித்திய அகாதெமி வெளியீடு, 1972. வரி 45ஆம் பக்கத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது எங்கிருந்து வந்தது என்று சுட்ட மூன்று முறைகள் உண்டு. எம்.எல்.ஏ. (நவீன மொழிச் சங்கம்) முறை என்றால் வரி முடிந்ததும் (வரதராசன் 45) என்று போட்டால் வேலை முடிந்தது. ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) முறையில் அது (வரதராசன், 1972, ப. 45) என்று ஆகும். சிகாகோ பல்கலைக்கழகக் கையேட்டின் அடிக்குறிப்பு முறையில் வரியின் முடிவில் மேலே ஒரு குட்டி எண் மட்டும்தான். விவரமெல்லாம் பக்கத்தின் அடியில்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (சாகித்திய அகாதெமி, 1972), 45.

ஏ.பி.ஏ. உளவியல்காரர்கள் 1929இல் ஒரு சிறு கட்டுரையாகத் தொடங்கிய முறை. அவர்களுக்கு ஆண்டுதான் உயிர். முப்பது வருடப் பழைய ஆய்வா, போன வருடத்து ஆய்வா என்பது படிக்கும்போதே கண்ணில் பட வேண்டும். கல்வியியல், சமூகவியல் மாணவர்கள் யோசிக்காமல் இதை எடுத்துக்கொள்ளலாம். தமிழ் இலக்கியத்தில்தான் வேடிக்கை. உ.வே.சா.வின் புறநானூற்றுப் பதிப்பு 1894இல் வந்தது. உங்கள் கையில் இருப்பது அண்மைய மறுபதிப்பு என்றால் (சாமிநாதையர், 2015) என்று வந்து நிற்கும், 1942இல் காலமானவர் நேற்றுத்தான் எழுதி முடித்ததுபோல. இதற்கு ஏ.பி.ஏ.விலேயே மாற்று உண்டு: 1894/2015 என்று இரண்டு ஆண்டையும் சாய்கோடிட்டுக் கொடுக்கலாம். ஆனால் நான் மெய்ப்புப் பார்த்த ஆய்வேடுகளில் இதைச் செய்தவர்கள் குறைவு.

எம்.எல்.ஏ. மொழி, இலக்கியக்காரர்களின் முறை. ஆண்டைக் கடைசியில் வரும் நூற்பட்டியலுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தை மட்டும் கையோடு வைத்துக்கொள்கிறது. ஒரே ஆசிரியரின் இரண்டு நூல்களைப் பயன்படுத்தினால் (வரதராசன், மொழி வரலாறு 30) என்று தலைப்பும் சேரும், அடைப்புக்குறி கொஞ்சம் பருக்கும். பருவத்தேர்வுக் கட்டுரைக்கு இது போதும், நன்றாகவே போதும்.

சிகாகோவின் அடிக்குறிப்பு நம் தமிழ்த் துறைகளுக்குப் புதிதல்ல. இயல் முடிவில் ‘சான்றெண் விளக்கம்’ என்று போடுகிறோமே, அது இதன் பங்காளிதான். என்ன, நாம் குறிப்புகளைப் பக்கத்தின் அடியில் வைக்காமல் இயலின் வாலில் கட்டிவிடுகிறோம். படிப்பவர் ஒவ்வொரு எண்ணுக்கும் இருபது பக்கம் தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும். கணினியில் அடிக்குறிப்பு தானாகவே விழும் காலத்தில் இந்த அலைச்சல் எதற்கு?

அதோடு ‘மேலது’, அதாவது முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆய்வேடு மெய்ப்புக்கு வந்தது. ஒரு பக்கத்தில் வரிசையாக மேலது ப. 12, மேலது ப. 31, மேலது ப. 40. மூன்றும் ஒரே நூல். நெறியாளர் நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பத்தியோடு வேறொரு நூலின் குறிப்பு வந்து நுழைந்துவிட்டது. அதன் பிறகு வந்த ‘மேலது’ எல்லாம் புது நூலுக்குக் கட்சி மாறிவிட்டன. அந்த நூல் மொத்தமே 36 பக்கம், அதற்கு ப. 40! சிகாகோ கையேடு 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து ‘மேலது’ வகையைத் தவிர்க்கவே சொல்கிறது. இரண்டாம் முறை வரும்போது ‘வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, 52’ என்று சுருக்கமாக எழுதினால் குறிப்பை எங்கே நகர்த்தினாலும் கெடாது. சிகாகோவைப் பின்பற்றாதவர்களும் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் மூன்றும் ‘வரதராசன், மு.’ என்றே தொடங்கும். தலைப்பெழுத்து போடும் வழக்கம் இங்கே நமக்கு அதிர்ஷ்டம். ஆனால் இன்றைய பெயர்களைப் பாருங்கள். மீனாட்சி சுந்தரம் என்று எழுதும் ஒரு பெண்ணுக்குச் சுந்தரம் அப்பா பெயர். சொடேரோ போன்ற மேற்கோள் மென்பொருள் இரண்டாவது சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்து ‘சுந்தரம், மீ.’ ஆக்கிவிடும். உழைத்தது மகள், மேற்கோள் அப்பாவுக்கு. பெயரை ஒரே கட்டத்தில் போடும் வசதி அதிலேயே இருக்கிறது. அதை மாற்றிவிட்டு உள்ளிடுங்கள்.

நூல் தலைப்பைச் சாய்வெழுத்தில் போடச் சொல்வதும் மூன்றுக்கும் பொது. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் காற்றில் விழுந்த வாழை மாதிரி இருக்கிறது. துறை அனுமதித்தால் ஒற்றை மேற்கோள்குறி மேல். பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியலைக் கணினியிடம் அகரவரிசைப்படுத்தச் சொல்லவே வேண்டாம், அது ஆங்கில விசைகளின் வரிசையில் அடுக்கித் தரும்.

இன்னொன்று: எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ. பட்டியலில் நீங்கள் கட்டுரைக்குள் சுட்டியவை மட்டுமே இருக்கலாம். சிகாகோ, படித்துப் பயன்பட்ட நூல்களையும் சேர்க்க விடுகிறது. நம் துணைநூற்பட்டியல்கள் ஊதிப்போவதற்கு அந்தத் தாராளம் நன்றாக உதவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சங்கப் பாடல் என்றால் எந்த முறையிலும் பக்க எண்ணை விட்டுவிட்டுப் பாடல் எண்ணைக் கொடுங்கள். புறம். 192 எந்தப் பதிப்பிலும் ‘யாதும் ஊரே’தான், பக்கம்தான் பதிப்புக்குப் பதிப்பு மாறும்.

சரி, துறை ஒன்றை விதித்திருந்தால் அதுதான் சட்டம். தேர்வு என் கையில் இருந்தால், பழைய பதிப்புகளைத் தொடும் ஆய்வுக்கு அடிக்குறிப்புதான். ஒரு பழைய நூலின் முகப்பில் ‘விஜய வருஷம்’ என்று மட்டும் அச்சாகியிருக்கிறது என்று வையுங்கள். அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெயர் அது: 1893-94ஆகவும் இருக்கலாம், 1953-54ஆகவும் இருக்கலாம். ஏ.பி.ஏ. அடைப்புக்குறி ஒரு எண்ணைக் கேட்டு நிற்கும். அடிக்குறிப்பிலோ, ‘விஜய வருஷம் என்றே உள்ளது; தாளையும் எழுத்தையும் பார்த்து 1893-94 எனக் கொண்டேன்’ என்று எழுத ஒரு வரி இடம் கிடைக்கும்.