பிஎச்பி-க்கு எஸ்கியூலைட்டா, மைஎஸ்கியூஎல்லா?

ஒரு சின்ன நூலகப் பட்டியலை பிஎச்பி என்ற வெப் புரோகிராமிங் மொழியில் எழுதி இணையத்தில் ஏற்றுவதென்றால், இந்த இரண்டு டேட்டாபேஸ்களில் என் ஓட்டு எஸ்கியூலைட்டுக்குத்தான். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் வெளியிட்ட இதற்குத் தனி சர்வர் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். அந்த ஃபைலை வெப்சைட் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்காதீர்கள், முகவரி தெரிந்த யாரும் டவுன்லோடு செய்துவிடலாம். அப்புறம், ஃபைலுக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதாது. எழுதும்போது எஸ்கியூலைட் ஜர்னல் ஃபைல் என்ற தற்காலிக ஃபைலைப் பக்கத்திலேயே உருவாக்கும் என்பதால் ஃபோல்டருக்கும் அனுமதி வேண்டும். இல்லையென்றால் தேடல் ஒழுங்காக வேலை செய்யும், புதிய புத்தகம் சேர்க்கும்போதுதான் எரர் வரும்.

மைஎஸ்கியூஎல்லில் யூசர், பாஸ்வேர்டு, அனுமதி எல்லாம் அமைக்க வேண்டும். ஆனால் பலர் ஒரே நேரத்தில் எழுதும் தளம் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். எஸ்கியூலைட் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுத விடும். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி, தேவையான ரோவை (டேபிளின் வரிசையை) மட்டும் பூட்டும். டேபிளுக்கு யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் கொடுங்கள். பழைய மூன்று பைட் யுடிஎஃப்8-இல் தமிழ் நிற்கும், இமோஜி நிற்காது.

எதுவானாலும், பிஎச்பி-யை டேட்டாபேஸோடு பேசவைக்கும் பிடிஓ வழியாக இணையுங்கள். பயனர் தட்டச்சு செய்ததை நேரடியாகக் குவெரியில் ஒட்டாமல், பிரிப்பேர் செய்தே (குவெரியை முதலில், மதிப்புகளைத் தனியாக) அனுப்புங்கள்.