ஓஜியே முன்னிருந்த மூன்று இருக்கைகள்: எம்-ஸ்போர்ட், சித்ரோயன், டொயோட்டா

ராலி என்பது சாலைகளில் ஓட்டுநர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி, நேரத்தோடு போட்டியிடும் கார்ப் பந்தயம். 2018ஆம் ஆண்டின் உலக ராலிப் பட்டம் யாருக்கு என்பது கடைசிச் சுற்றான ஆஸ்திரேலியாவில்தான் தீர்ந்தது. ஹியுண்டாய் அணியின் தியரி நூவிலைவிட மூன்றே புள்ளிகள் கூடுதலாக வைத்துக்கொண்டு அங்கே போன செபாஸ்டியன் ஓஜியே, எம்-ஸ்போர்ட் அணியின் ஃபோர்டு ஃபியஸ்டாவில் தமது ஆறாவது பட்டத்தை வென்றார். ஆனால் அந்த அணியை விட்டு அவர் சித்ரோயனுக்குப் போவது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. 35 வயதை எட்டவிருந்தவர், இரண்டு ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, 2020ஓடு ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தார். அந்த முடிவை இப்போது எடுத்துப் பார்ப்பது அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. மூத்த ஓட்டுநர் ஒருவர் அணியைத் தேர்ந்தெடுக்கும்போது எதை எடைபோட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் எனக்குத் தென்படவில்லை.

இருபத்து நான்கு வயது ஓட்டுநரால் கார் சரியாகும்வரை இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க முடியும். இரண்டே ஆண்டுகள் கையில் இருப்பவரால் முடியாது. ஆகவே கார் இன்று எவ்வளவு வேகம் என்பதோடு, பக்கத்துக் காரில் யார் ஓட்டுகிறார், பணம் எங்கிருந்து வருகிறது, அது எத்தனை நாள் வரும் என்பதையும் அவர் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் பலரும் போகிற போக்கில் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள்.

எம்-ஸ்போர்ட்டில் பணம் எப்போதும் இழுபறிதான். மால்கம் வில்சன் நடத்தும் அந்த நிறுவனம், இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் டோவன்பி ஹால் என்னும் பழைய மாளிகை வளாகத்தில் இருந்துகொண்டு, தனியார் ஓட்டுநர்களுக்கு ராலிக் கார்களைக் கட்டி விற்றுப் பிழைக்கிறது. நான்கு பருவங்களில் 52 ராலிகளில் 43ஐ வென்றிருந்த வோக்ஸ்வாகன், 2016 நவம்பரில் திடீரெனக் கடையைக் கட்டியபோது, நடப்பு வாகையரான ஓஜியே டொயோட்டாவின் யாரிஸையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இந்தச் சிறிய அணியைத்தான் தேர்ந்தெடுத்தார். பெரிய நிறுவனத்தின் நேரடிப் பணம் இல்லாமலே 2017இல் ஓட்டுநர் பட்டம், அணிப் பட்டம் இரண்டையும் அந்த அணி வென்றது. மறு ஆண்டு ஃபோர்டு தன் பெயரையும் ஓரளவு தொழில்நுட்ப உதவியையும் தந்தது. ஆயினும் ஓஜியே பட்டம் வென்ற அதே 2018இல் அணிகளின் வரிசையில் எம்-ஸ்போர்ட் மூன்றாம் இடத்தில் நின்றது. தூக்கி நிறுத்தியது காரைவிட அதை ஓட்டியவர்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எல்ஃபின் எவன்ஸும் டீமு சுனினனும் மற்ற கார்களில் இருந்ததால், அணிக்குள் அவருக்குப் போட்டியும் இல்லை. அவர் போன பிறகு, 2019 முதல் 2021 வரை மூன்று பருவங்களில் அந்த அணிக்கு ஒரு வெற்றிகூடக் கிட்டவில்லை. ஆனால் ராலியே பிழைப்பு என்பதால், வெற்றி இல்லாத ஆண்டுகளிலும் அது களத்தை விட்டுப் போகவில்லை.

சித்ரோயன் எல்லா வகையிலும் இதற்கு நேரெதிர். செபாஸ்டியன் லோபின் ஒன்பது பட்டங்களும் இந்த அணியின் கார்களில் வந்தவை. ஓஜியேவும் இதே அணி வளர்த்த பிள்ளைதான். 2011இல் லோபும் அவரும் ஒரே உறையில் இரண்டு வாளாக இருக்க முடியாமல் போனதால்தான் அவர் வெளியேறினார். 2018இல் அந்த அணியின் நிலைமை மோசமாக இருந்தது. மே மாதம் போர்ச்சுகல் ராலியில் நடந்த விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் கிறிஸ் மீக்கை நீக்கிவிட்டார்கள். சி3 கார் தார்ச் சாலையில் ஓரளவு ஒத்துழைத்தாலும் கரடுமுரடான சரளைச் சாலையில் நிலைகொள்ளாமல் தத்தளித்தது. அந்தப் பருவத்தின் ஒரே வெற்றி ஸ்பெயினில் வந்தது. அதைப் பெற்றுத் தந்தவர், மூன்று ராலிகளுக்கு மட்டும் விருந்தாளியாக வந்திருந்த 44 வயது லோப். அணிகளின் வரிசையில் கடைசி இடம் சித்ரோயனுக்கு. அபுதாபியின் விளம்பர ஆதரவும் விலகிய நிலையில், 2019க்கு ஓஜியே, எசபெக்கா லாப்பி ஆகிய இருவரின் கார்களை மட்டுமே களமிறக்கினார்கள்.

இரண்டு கார் என்பது ஓஜியேவுக்கு வசதியாகத் தோன்றியிருக்கக்கூடும்: அணி முழுவதும் அவரைச் சுற்றியே இயங்கும். அதே காரணம்தான் ஆபத்தும். ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபத்தில் தூணுக்கு மரியாதை அதிகம். ஆனால் பாரம் முழுவதும் அதன் தலையில்தான்.

டொயோட்டா 2017இல்தான் திரும்பி வந்திருந்தது. முன்னாள் உலக வாகையர் டாம்மி மாக்கினன் ஃபின்லாந்தில் யுவாஸ்குலா அருகே அணியை அமைக்க, எஞ்சின் ஜெர்மனியின் கொலோனில் உருவாயிற்று. 2018இல் மெக்சிகோவின் வெயிலில் யாரிஸ் கார்கள் சூடேறித் தடுமாறின. ஆண்டின் பிற்பகுதியில் அணியின் ஓட்டுநர் ஓட் டானாக் ஃபின்லாந்து, ஜெர்மனி, துருக்கி என அடுத்தடுத்து மூன்று ராலிகளை வென்றார். அணிப் பட்டமும் டொயோட்டாவுக்கே வந்தது. வேகத்தை மட்டும் பார்த்தால் அன்றைய தேதியில் முதல் தேர்வு இதுதான். குறை, பக்கத்து இருக்கையில் இருந்தது. டானாக்கை அணித் தோழராக 2017இலேயே பார்த்தவர் ஓஜியே. 2011இன் வாள்-உறைக் கதையை இன்னொரு வேகமான ஆளோடு மறுபடி தொடங்க அவர் விரும்பியிருப்பாரா என்பது ஐயமே. ஹியுண்டாய் நூவிலின் வீடு என்பதால் அதை நீட்டிப் பேச ஒன்றுமில்லை.

இதில் ஓட்டுநர்கள் நன்கறிந்த ஒரு நுட்பமும் உண்டு. புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ராலியின் முதல் நாளில் முதல் ஆளாகச் சாலையில் இறங்க வேண்டும். சரளைச் சாலை என்றால் தளர்ந்து கிடக்கும் கற்களை அவருடைய டயர்களே பெருக்கி ஒதுக்க, பின்னால் வருபவர்களுக்குப் பிடிமானம் கிடைக்கும். நடப்பு வாகையருக்கு இந்தத் துடைப்ப வேலை ஏறக்குறைய நிரந்தரம். அதைச் சமாளிக்கச் சரளையில் நம்பிக்கையோடு ஓட்டக்கூடிய கார் வேண்டும்; சி3யின் பலவீனமோ சரியாக அங்கேதான் இருந்தது.

நடந்தது தெரிந்ததே. 2019இல் ஓஜியே மான்டே கார்லோ, மெக்சிகோ, துருக்கி ஆகிய மூன்று ராலிகளை வென்றார். ஸ்பெயினில் பவர் ஸ்டியரிங் பழுதாகி நிமிடக் கணக்கில் நேரத்தை இழந்ததோடு பட்டக் கனவும் முடிந்தது. டானாக் வாகையரானார், ஓஜியே மூன்றாமிடம். ஒப்பந்தத்தில் ஓராண்டு மீதமிருக்கும்போதே அவர் விலக முடிவெடுக்க, நவம்பரில் சித்ரோயன் தன் ராலித் திட்டத்தையே மூடியது. ஓஜியே போனதால் 2020க்கு முதல்தர ஓட்டுநர் இல்லை என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அந்தக் காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். அதன் தாய் நிறுவனமான பிஎஸ்ஏ அப்போது ஃபியட் கிரைஸ்லரோடு இணையும் பேச்சில் இருந்தது. நிறுவனத் தலைவரே பந்தயப் பிரியராக இருந்தால் அணி நிலைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அன்று பிஎஸ்ஏவின் தலைவராக இருந்த கார்லோஸ் டவாரஸும் பந்தயத்தில் ஓட்டுபவர், டொயோட்டாவின் அகியோ டொயோடாவும் ஓட்டுபவர். வேறுபாடு இவர்களின் விருப்பத்தில் இல்லை, கடையில் விற்கும் பொருளில் இருந்தது. டொயோட்டா ராலி அனுபவத்தைக் கொண்டே ஜிஆர் யாரிஸ் என்ற விற்பனைக் காரை உருவாக்கியது. சித்ரோயனிடம் ராலியோடு இணைத்து விற்பதற்கு அப்படி ஒரு கார் இல்லை. சித்ரோயனிடம் அது இல்லை என்பதாவது அன்று வெளியே இருந்து பார்த்தவர்களுக்கும் எட்டக்கூடிய தகவல்.

டானாக் ஹியுண்டாய்க்குப் போனதால் டொயோட்டாவில் உறை காலியாயிற்று, ஓஜியே உள்ளே வந்தார். 2020இலும் 2021இலும் பட்டம் வென்றார். அதன்பின் அவர் எடுத்துக்கொண்டது, 2018இல் யாரும் அவருக்காகப் பேசாத நான்காவது வழி: சில சுற்றுகளுக்கு மட்டும் ஓட்டுவது. லோப் 2019இல் ஹியுண்டாயில் ஆறு ராலிகளுக்கு ஒப்புக்கொண்டது இந்த வகைதான். 2022 மான்டே கார்லோவில் இருவருமே பகுதிநேர ஓட்டுநர்களாக மோதினார்கள். இறுதிக்கு முந்தைய கட்டத்தில் ஓஜியேவின் டயர் பஞ்சராக, 47 வயது லோப் 10.5 வினாடி வித்தியாசத்தில் வென்றார். லோப் ஓட்டியது எம்-ஸ்போர்ட் கட்டிய ஃபோர்டு பூமா கார். ஓஜியே விட்டுவந்த அணிக்கு மூன்று பருவங்களுக்குப் பின் கிடைத்த முதல் வெற்றி அது.

பகுதிநேர ஓட்டத்துக்குச் செலவைத் தாங்கும் பெரிய நிறுவனமும், மற்ற சுற்றுகளில் புள்ளி சேர்க்கும் இளைய ஓட்டுநர்களும் வேண்டும். டொயோட்டாவில் எவன்ஸும் காலே ரோவன்பெராவும் இருந்தார்கள். சித்ரோயனின் இரண்டு கார் அணியில் இதற்கு இடமே இருந்திருக்காது. 2025இல் மூன்று சுற்றுகளைத் தவிர்த்தும் ஓஜியே தமது ஒன்பதாவது பட்டத்தை வென்று லோபின் எண்ணிக்கையை எட்டினார். 2018இல் போட்ட கணக்கின்படி அவர் 2020இலேயே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்.