ஸ்மார்ட் போர்டில் பல்லியும் எழுதும்

பக்கத்துப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் நண்பர், "சார், உங்க ஸ்மார்ட் போர்டு எப்படி? எங்க நிர்வாகமும் வாங்கப் போகுது" என்று கேட்டிருந்தார். போன வாரம்தான் சர்வீஸ் ஆள் வந்து போனார். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

படத்திலும் ஒலியிலும் குறையில்லை. தொல்லை தொடுதிரையில்தான். எங்களுடையது அகச்சிவப்பு வகை. சட்டத்தின் ஓரங்களில் வரிசையாகக் குட்டி எல்இடிகள், எதிர் ஓரங்களில் உணரிகள். நடுவில் அந்த ஒளியை எது மறைத்தாலும் போர்டுக்கு அது விரல்தான். சட்டைக் கை நுனி விரல், பூச்சி விரல், ஒருநாள் பல்லியும் விரல். அது நகர நகர ஓம் விதியின் மேல் கோடு விழுந்தது. அதையாவது சிரித்து விட்டுவிடலாம். பக்கத்திலேயே கரும்பலகை இருக்கிறதே, அதன் சாக்பீஸ் தூள் ஓரத்தில் படிந்தால் யாரும் தொடாமலே பக்கம் புரள்கிறது, எழுதும் கோடு பாதியில் அறுகிறது. சர்வீஸ் ஆள் என்ன செய்தார்? உலர்ந்த துணியால் நான்கு ஓரத்தையும் துடைத்தார். அதற்கு ஒரு பில்! விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆனாலும் மின்சுற்றுப் பாடத்தைத் திரை இல்லாமல் எடுக்க இனி எனக்கு மனம் வராது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற, திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் இணையத் தளம்தான் காரணம். அதன் செயல்விளக்கங்கள் இலவசம். இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டாம், எங்கள் வைஃபைக்கு அதுதான் சரி. 'முதல் பல்ப் கரண்டைத் தின்னுடும், அடுத்ததுக்கு மிச்சம்தான்' என்பது பிள்ளைகளின் அசையாத நம்பிக்கை. தொடர் இணைப்பில் எலக்ட்ரான்கள் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கடைசி பெஞ்சு வாதத்தை விட்டது. பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். அதற்காகவே வரிசையில் நிற்கிறார்கள். ஆய்வகத்தில் அப்படிச் செய்யவிட முடியுமா?

எழுதியதைப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப் குழுவில் போடும் வசதியும் உண்டு. போட ஆரம்பித்ததும் யாரும் நோட்டில் எழுதுவதில்லை. நிறுத்திவிட்டேன்.

சரி, நண்பருக்குப் பதில்: வாங்க வேண்டாம் சார். லேப்டாப்பும் புரொஜெக்டரும் இருந்தால் இதே ஃபெட் ஓடும், பல்லி எழுதாது. நிர்வாகம் வாங்கியே தீரும் என்றால் சாக்பீஸ் புழங்காத அறையில் மாட்டச் சொல்லுங்கள். அப்புறம், ஓரத்தைத் துடைக்க நல்ல துணி ஒன்று நீங்களே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.