நாஜி ஜெர்மனியின் 'மக்கள் ரேடியோ' வி.ஈ. 301: வாங்கலாமா?

1933 ஆகஸ்டில் பெர்லின் ரேடியோ கண்காட்சியில் அறிமுகமான வால்வு செட். அன்றைய விலை 76 மார்க். பெயரிலுள்ள 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறிக்கிறது. பேக்கலைட் (பழங்காலக் கெட்டி பிளாஸ்டிக்) பெட்டி உறுதியானது. பேச்சு தெளிவாகக் கேட்கும், இசைக்குப் போதாது.

இதில் வெளிநாட்டு நிலையமே எடுக்காது என்று பலர் சொல்வது தவறு. நீளமான ஏரியல் கட்டி, இரவில் ரியாக்‌ஷன் குமிழை (சிக்னலைப் பெருக்கும் குமிழ்) மெல்லத் திருப்பினால் மத்திய அலையில் தூரத்து நிலையங்களும் கிடைக்கும். சற்றுக் கூடுதலாகத் திருப்பினால் ஊளையிடும், பக்கத்து வீட்டு ரேடியோவையும் கெடுக்கும். கேட்கவிடாமல் தடுத்தது சட்டம்தான். 1939 செப்டம்பரில் அந்நிய ஒலிபரப்பைக் கேட்பது குற்றமானது, குமிழில் எச்சரிக்கை அட்டை தொங்கியது. பிரச்சாரம் வேலை செய்ததே இப்படித்தான்: ஒரே குரலை மலிவாக வீட்டுக்குள் கொண்டுவந்து, மற்ற குரல்களுக்குத் தண்டனை வைத்தார்கள்.

பழைய பேப்பர் கன்டென்சர்களில் (மின்தேக்கிகளில்) மின்சாரம் கசியும். அவற்றை மாற்றாமல் கரன்ட் கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் கருகலாம். 1938-இல் 35 மார்க்குக்கு வந்த டி.கே.ஈ. 38 என்ற மலிவான மக்கள் ரேடியோவில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை, சேசிஸிலேயே (உள்ளிருக்கும் உலோகச் சட்டத்திலேயே) கரன்ட் இருக்கும். மெயின் லைனிலிருந்து பிரித்துக் கரன்ட் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அதைத் திறந்து வேலை பார்க்காதீர்கள். அதன் வி.சி.எல். 11 வால்வு லேசில் கிடைக்காது, சோதித்துப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள்.