பகல்ல வெறும் இரைச்சல், ராத்திரி ஆனா சென்னை: ஒரு ஏஎம் ரேடியோ ரிவ்யூ

தென்காசி பக்கம் நம்ம வீடு, போன மாசம் ஒரு சின்ன பேட்டரி ரேடியோ வாங்கினேன், மத்தியானம் ஆன் பண்ணா பக்கத்துல இருக்க திருநெல்வேலி ஸ்டேஷன் (1197 கிலோஹெர்ட்ஸ்) மட்டும் தெளிவா வந்துச்சு, சென்னை 720 வெறும் "ஸ்ஸ்ஸ்"தான். ரிட்டர்ன் போட்ரலாம்னு பாக்ஸெல்லாம் எடுத்து வச்சிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு சும்மா திருப்பினா சென்னை கணீர்னு வருது!

ரேடியோ மேல தப்பே இல்லங்க. பகல்ல வெயில் பட்டு 60-90 கிலோமீட்டர் உயரத்துல டி அடுக்குன்னு ஒண்ணு உருவாகுது, மீடியம் வேவ், அதாவது இந்த ஏஎம் ஸ்டேஷனோட அலை, அதுக்குள்ள போனா அங்க எலக்ட்ரான் காத்து மூலக்கூறோட மோதி மோதி சிக்னல் சூடா மாறி கரைஞ்சு போயிரும், தரையோட ஒட்டி வர்றது மட்டும்தான் மிச்சம். பொழுது சாஞ்சதும் அந்த அடுக்கு மளமளன்னு காணாம போகும், மேல இருக்க அடுக்குல பட்டு சிக்னல் திரும்பி வரும். நடுநடுவுல குரல் ஏறி இறங்கும், அது அப்படித்தான்.

ஏரியலை நீட்டாதீங்க, அது எஃப்எம்முக்கு. ஏஎம்முக்கு செட்டையே திருப்பணும், உள்ள இருக்க ஃபெரைட் கம்பிதான் அதுக்கு ஏரியல். எல்இடி பல்ப அணைச்சிருங்க, அதுவும் இரைச்சல் போடும். டயல் லைட் மட்டும் மகா மட்டம், அதுக்காக ஒரு ஸ்டார் குறைச்சிட்டேன்.