பழைய சர்வரை நெட்டில் கொடுக்க: போர்ட் திறப்பதா, விபிஎன்னா, டெய்ல்ஸ்கேலா?

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி. கல்லாவுக்குப் பின்னால், யுபிஎஸ்ஸை ஒட்டி ஒரு டவர் சர்வர் பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2. டேலியும், ஸ்டாக்குக்காக ஒருவர் தனியாக எழுதிக்கொடுத்த பில்லிங் மென்பொருளும் அதில்தான். எழுதிக்கொடுத்தவர் தொழிலை விட்டே போய்விட்டார். சர்வரை மாற்றினால் அந்த மென்பொருளையும் மாற்ற வேண்டும். சீசன் நேரத்தில் அது நடக்காது. முதலாளி கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, ராத்திரி வீட்டுல இருந்து ஸ்டாக் பார்க்கணும். குடோன்ல இருந்தும் பில் போடணும். நெட்ல குடுத்துருங்க."

"குடுத்துரலாம் அண்ணாச்சி. எப்படிக் குடுக்குறதுன்னு பார்க்க ஒரு நாள் டைம் குடுங்க."

அந்த ஒரு நாளில் எடை போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். 2012 ஆர்2 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

2008 ஆர்2-வுக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. காசு கட்டி வாங்கும் கூடுதல் அப்டேட்டுகளும் நின்றுவிட்டன. 2012 ஆர்2-வுக்கு 2023 அக்டோபர் 10. அதற்குப் பிறகு, காசு கட்டும் அப்டேட்டும் இல்லையென்றால், ஓட்டை தெரிய வந்தாலும் அடைக்க ஆள் கிடையாது. அதனால் எந்த வழியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: வெளியே இருந்து ஒருவன் கதவைத் தட்டினால் அந்தச் சத்தம் யார் காதில் விழுகிறது? பழைய விண்டோஸ் காதிலா, அப்டேட் வாங்கிக்கொண்டிருக்கும் வேறொரு பெட்டியின் காதிலா?

ரூட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் எண்ணிட்ட வாசல் ஒன்றைத் திறந்துவிடுவது எல்லோருக்கும் தெரிந்த வழி. 3389-ஆம் போர்ட்டைச் சர்வருக்குத் திருப்பிவிட்டால், சர்வர் திரையைத் தூரத்திலிருந்து ஓட்டும் ரிமோட் டெஸ்க்டாப் எங்கிருந்தும் வரும். பத்து நிமிட வேலை, செலவும் இல்லை. ஆனால் இதில் கதவைத் திறப்பவரே அந்தப் பழைய விண்டோஸ்தான். 2019 மே மாதம் வெளிவந்த ப்ளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் ஓட்டையில் நுழைய யூசர் பெயரோ பாஸ்வேர்டோகூட வேண்டியிருக்கவில்லை. எவ்வளவு மோசம் என்றால், ஆதரவு முடிந்து வருடங்கள் ஆன எக்ஸ்பிக்கும் சர்வர் 2003-க்கும்கூட மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. அந்தத் திருத்தத்தை 2008 ஆர்2-வில் போட்டிருந்தால் அந்த ஒரு ஓட்டை அடைபட்டிருக்கும். அடுத்தது வந்தால் கைவிரிக்க வேண்டியதுதான்.

வேறொரு கடையில் இப்படித் திறந்துவைத்திருந்த சர்வரின் ஈவென்ட் வியூவரை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். செக்யூரிட்டி பதிவு முழுக்க 4625, 4625, 4625. அதாவது லாகின் தோல்வி. அட்மின், டெஸ்ட், யூசர், டேலி என்று யாரோ ஒரு மெஷின் பெயர்களை வரிசையாக முயன்றுகொண்டே இருக்கிறது. மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி விரல் வலித்தது. நடுவே விடியற்காலையில் ஒரே ஒரு 4624. லாகின் வெற்றி. யூசர் பெயர் ஸ்கேன். ஸ்கேனரில் இருந்து ஃபைல் சேமிக்க எப்போதோ உருவாக்கிய கணக்கு, பாஸ்வேர்டும் அதே வார்த்தைதான். மறுநாள் காலை டேலி டேட்டா ஃபோல்டர் பூட்டிக்கிடந்தது. பேக்கப் எடுக்கும் யுஎஸ்பி டிஸ்க்கும் சர்வரிலேயே செருகிக் கிடந்ததால் அதுவும் போனது. அந்தக் கடைக்காரரின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 3389-க்குப் பதில் வேறு எண் வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். எல்லாப் போர்ட்டையும் தட்டிப் பார்க்கும் ஸ்கேனர்களுக்கு அது தடையே இல்லை. இந்த வழியை நான் யாருக்கும் செய்துகொடுப்பதில்லை.

எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி திரையைப் பகிரும் ஆப்கள் போர்ட் திறக்கச் சொல்வதில்லை. அந்த வகையில் மேல். எப்போதாவது ஒரு பிரச்சினையைச் சரிபார்க்க நானே பயன்படுத்துகிறேன். ஆனால் தினமும் குடோனில் பில் போட இது ஒத்துவராது: ஒரு திரையை ஒருவர்தான் ஓட்ட முடியும், தொழிலுக்குப் பயன்படுத்தினால் லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆள் இல்லாமலே உள்ளே வர நிரந்தர பாஸ்வேர்ட் ஒன்றை வைத்துவிட்டால், கடையின் பாதுகாப்பு மொத்தமும் அந்த ஒரு பாஸ்வேர்டில் தொங்கும்.

அடுத்தது வயர்கார்ட் விபிஎன். விபிஎன் என்றால் இணையத்துக்குள்ளேயே நமக்கென்று பூட்டிய தனிப் பாதை; அதில் ஒரு வகை வயர்கார்ட். இங்கேதான் விஷயம் மாறுகிறது. சர்வரில் எதுவும் நிறுவ வேண்டாம். ரூட்டரோ ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியோ வாசலில் நிற்கும். மைக்ரோடிக் ரூட்டர்களில் ரூட்டர்ஓஎஸ் 7 முதல் வயர்கார்ட் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் 2020 முதல், 5.6 பதிப்பிலிருந்து. பாஸ்வேர்ட் கிடையாது; ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் தனித்தனிச் சாவி. தெரியாத ஆள் தட்டினால் வயர்கார்ட் பதிலே சொல்லாது. ஸ்கேன் செய்பவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான். பழைய ரூட்டர்களில் பிபிடிபி என்று ஒரு விபிஎன் இருக்கும். அதை உடைப்பது சுலபம் என்று 2012-லேயே நிரூபித்துவிட்டார்கள். அதன் பக்கம் போக வேண்டாம்.

வயர்கார்டுக்கு வரும் தடங்கல் நெட் கனெக்‌ஷனில். கடைக்கென்று பொது ஐபி, அதாவது இணையத்தில் தனி முகவரி வேண்டும். நிறைய இணைப்புகளில் பல வாடிக்கையாளர்களுக்குச் சேர்த்து ஒரே ஐபியைத்தான் கொடுக்கிறார்கள். ரூட்டரின் வேன் (வெளி இணைப்பு) பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் தெரிந்தால் நீங்களும் அந்தக் கூட்டத்தில்தான். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது. கூடுதல் காசு கட்டி மாறாத ஸ்டேடிக் ஐபி வாங்க வேண்டும், அதுவும் அந்தப் பகுதியில் கொடுத்தால்.

மண்டியிலும் அதே கதைதான். அதனால் கடைசியில் டெய்ல்ஸ்கேல் என்ற விபிஎன் சேவை பக்கம் சாய்ந்தேன். உள்ளே ஓடுவது அதே வயர்கார்ட். இரண்டு பக்கமும் வெளிநோக்கித்தான் இணையும், அதனால் ஸ்டேடிக் ஐபி, போர்ட் எதுவும் வேண்டாம். (டெய்ல்ஸ்கேல் தரும் முகவரியும் 100-இல்தான் தொடங்கும், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) யார் யாரோடு பேசலாம் என்ற பட்டியல் அந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பதுதான் கொடுக்க வேண்டிய விலை. கூகுள் கணக்கு மாதிரி ஒன்றில்தான் உள்ளே வர வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இல்லையென்றால் இவ்வளவு செய்தும் பயனில்லை.

பலர் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு: டெய்ல்ஸ்கேலைச் சர்வரிலேயே நிறுவப் பார்ப்பார்கள். இப்போதைய பதிப்புகள் விண்டோஸ் 10, சர்வர் 2016-க்குக் கீழே ஏறாது. பழைய பதிப்பைத் தேடிப்பிடித்துப் போடுவது ஓட்டைக்கு மேல் ஓட்டை. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரைக் கடை நெட்வொர்க் ஸ்விட்ச்சில் செருகி, அதைச் சப்நெட் ரூட்டராக, அதாவது டெய்ல்ஸ்கேலிலிருந்து சர்வருக்கு வழிவிடும் இடையாளாக வைத்தால் போதும். அப்போதும் கடை நெட்வொர்க் முழுவதையும் திறந்துவிடாமல் சர்வரின் ஒரே முகவரியை மட்டும் கொடுங்கள்: 192.168.1.10/32 (/32 என்றால் அந்த ஒரு முகவரி மட்டும்). அண்ணாச்சி வீட்டு ரூட்டரும் 192.168.1 வரிசையில்தான் இருந்தது. முழு வரிசையைக் கொடுத்திருந்தால் இரண்டும் மோதியிருக்கும். ஒரே முகவரி என்பதால் அங்கே வேறு சாதனத்துக்கு 10 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாலே போதுமாக இருந்தது.

உள்ளே ஓடும் தளத்தைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் வழியாக வெளியே காட்டும் கிளவுட்ஃபிளேர் டனலையும் கேட்கிறார்கள். பில்லிங் மென்பொருள் பிரவுசரில் ஓடுவதாக இருந்தால் நல்ல வழி; சொந்த டொமைன் வேண்டும். முன்னால் அக்சஸ் என்ற லாகின் அடுக்கையும் போட்டாக வேண்டும். அது இல்லாத டனல் சர்வரின் பழைய வெப்சர்வரான ஐஐஎஸ் 7.5-ஐ ஊருக்கே காட்டும். மண்டி மென்பொருள் பிரவுசர் வகை இல்லை என்பதால் இதை ஒதுக்கினேன்.

எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுவது? என்றைக்காவது அங்கேதான் போய்ச் சேர வேண்டும். ஆனால் இதே 2008 ஆர்2-வை அப்படியே வாடகை மெஷினில் ஏற்றுவதால் அதன் வயது குறையாது. புது மென்பொருளோடு போனால்தான் அர்த்தம்.

எந்த வழி எடுத்தாலும் சில வேலைகள் தப்பாது. முதலில் பேக்கப்: இரண்டு டிஸ்க், ஒன்று எப்போதும் கழற்றி வீட்டில். அப்புறம் சர்வரின் ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்பை ராஸ்பெர்ரி பையின் முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள். ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ நிறுத்திவிடுங்கள்; ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை 2017-இல் பரவியது அந்த வழியாகத்தான். சர்வரில் உட்கார்ந்து மெயில் பார்ப்பது, ஜிஎஸ்டி தளம் திறப்பது வேண்டாம். ரூட்டரிலேயே அதன் வெளி இணைப்பை அடைத்துவிட்டு, இ-இன்வாய்ஸ் வேலையைப் புதுக் கம்ப்யூட்டரில் செய்யுங்கள்.

மண்டியில் இப்போது யுபிஎஸ் மேல் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கிறது. 'கழற்றாதே' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். போன மாதம் குடோன் பையனின் போன் தொலைந்துபோனது. அண்ணாச்சி இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார். டெய்ல்ஸ்கேல் பட்டியலில் அந்த போனை நீக்கிவிட்டு, அவன் பாஸ்வேர்டையும் மாற்றினேன். மறுநாள் காலை வேறு போனில் வழக்கம்போலப் பில் போட்டான்.