8 ஜிபியா, 16 ஜிபியா: ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ வாங்கி நாலு மாதம்

திருப்பரங்குன்றத்தில் ஒரு மண்டபத்தில் எடுத்த கல்யாண வீடியோதான் என்னைக் கிராபிக்ஸ் கார்டு தேட வைத்தது. இரண்டு கேமரா, இரண்டிலும் 4கே, 10-பிட், 4:2:2 (நிற விவரம் அதிகம் பதிவாகும் வகை). தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தை டைம்லைனில் ஓட்டினால் படம் நின்று நின்று வருகிறது, கலர் கிரேடிங்கில் நாய்ஸ் குறைக்கப் போனால் ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) மெமரி நிரம்பிவிட்டது என்று எடிட்டிங் சாஃப்ட்வேரான டாவின்சி ரிசால்வ் நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான லேசான நகல் ஃபைல்) போட்டு, காலையில் எடிட்டிங் உட்கார்ந்து, மறுவீட்டுக்குள் தருகிறேன் என்று சொன்ன ஹைலைட்ஸை பத்து நாள் கழித்துக் கொடுத்தேன். பெண் வீட்டார் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு மனது கேட்கவில்லை.

என்னிடம் இருந்தது ரைசன் 5 3600, பி450 போர்டு, 32 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு. 1650-ஐ நான் குறை சொல்லமாட்டேன். 2019-இல் வந்த கார்டு, 75 வாட்டில் ஓடும், பல மாடல்களுக்குத் தனிப் பவர் கேபிள்கூட வேண்டாம். ஆனால் மெமரி 4 ஜிபிதான்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் விசாரித்தேன். கடைப் பையன் நல்ல மாதிரி, பொறுமையாகப் பேசினான். "அண்ணே, 5060 எடுத்துக்கங்க. புது ஜெனரேஷன்ணே, அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்றான். அது என்விடியாவின் 8 ஜிபி கார்டு, 2025 மே மாதம் வந்தது, 145 வாட். அன்றைக்கே பணத்தைக் கட்டியிருப்பேன். மேலூரில் இருக்கும் என் அத்தை மகனுடைய கார்டு ஞாபகம் வந்ததால்தான் யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பினேன்.

அவன் 2019-இல் ஆர்டிஎக்ஸ் 2060 வாங்கினான். காரணம் ரே டிரேசிங், கேமில் ஒளியும் நிழலும் நிஜம்போல வர வைக்கும் வசதி. இனிமேல் எல்லா கேமும் அதில்தான் வரும், இப்போதே வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதி என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு இல்லாமல் ஓடாது. அந்த வசதி அவன் கார்டில் இருக்கிறது. ஆனால் இரண்டு கேமும் கேட்கும் குறைந்தபட்ச மெமரி 8 ஜிபி. அவனுடையது 6. எதற்காக வாங்கினானோ அது வந்து சேர ஐந்து வருசத்துக்கு மேல் ஆனது, வந்தபோது கார்டு இடறியது மெமரியில்.

இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் ரேம் என்றால் பிறகு இன்னொரு ஸ்டிக் வாங்கிச் செருகலாம். கிராபிக்ஸ் கார்டில் மெமரி சில்லுகளை போர்டிலேயே பற்றவைத்து அனுப்புகிறார்கள், வாங்கிய அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசி வரைக்கும். வேகம் குறைவாக இருந்தால் செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம், சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் போட்டுக்கொள்ளலாம் (என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் 4 அப்ஸ்கேலிங் அவனுடைய பழைய 2060-இலும் ஓடுகிறது, அது பெரிய விஷயம்). மெமரி போதாவிட்டால் அந்த வழி அவ்வளவாக உதவாது.

அப்புறம் எண்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். 2021-இல் வந்த 3060-இல் 12 ஜிபி, மெமரிக்கு 192-பிட் பாதை. 2023-இல் வந்த 4060-இல் 8 ஜிபி, 128-பிட். 5060-இலும் அதே 8 ஜிபி, அதே 128-பிட். மெமரி மட்டும் ஜிடிடிஆர்7 என்ற புது வகை என்பதால் வினாடிக்கு 448 ஜிபி வேகம் போகிறது, 4060-இல் அது 272தான். வேகத்தில் புது ஜெனரேஷன் முன்னேறித்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2021-இல் கொடுத்ததைவிடக் குறைவான மெமரியை 2025-இல் கொடுத்து ஐந்து வருசம் தாங்கும் என்றால் நான் எப்படி நம்புவது? இன்னொன்று, 5060, 5060 டிஐ இரண்டுமே போர்டோடு எட்டு லேன் (தரவு போகும் தடம்) வழியே மட்டும் பேசும் கார்டுகள். என் பி450 போர்டில் அந்த இணைப்பு பழைய பிசிஐஇ 3.0 தலைமுறை. மெமரி நிரம்பி கார்டு கம்ப்யூட்டர் ரேமைத் தொட ஆரம்பித்தால், பழைய போர்டில் அந்தப் பாதை வினாடிக்கு 8 ஜிபி அளவுதான். பழைய போர்டு வைத்திருக்கிறவர்களுக்கு 8 ஜிபி கார்டு இரட்டை அடி.

அப்படியானால் செகண்ட் ஹேண்டில் 3060 12 ஜிபி வாங்கிவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டேன். வேறொரு இடத்தில் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார்கள், போனேன். பில் இல்லை, பெட்டி இல்லை, சீரியல் நம்பர் ஸ்டிக்கர் பாதி கிழிந்திருந்தது. வாரண்டி கேட்டால் "நான் இருக்கேன்ல தம்பி" என்கிறார். பத்து நிமிடம் ஓட்டிக்காட்டச் சொன்னேன், கடையில் அதற்கு வசதி இல்லை என்றார்கள். வந்துவிட்டேன். புதுக் கார்டு வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று பில் இல்லாமல் தருகிறவர்களிடம் தயவுசெய்து வாங்காதீர்கள், இவ்வளவு விலை கொடுக்கும் சாமானுக்கு அந்தத் தாள்தான் பாதுகாப்பு.

ஆனால் 3060-ஐ நான் விட்டதற்குப் பெரிய காரணம் அந்த 4:2:2. போனில் எடுக்கும் வீடியோ பெரும்பாலும் 4:2:0, அதில் நிற விவரம் குறைவு. சோனி, கேனான் கேமராக்களில் நாங்கள் கல்யாணத்துக்கு எடுப்பது 4:2:2, பட்டுப்புடவைச் சிவப்பும் மஞ்சளும் கிரேடிங்கில் உடையாமல் நிற்கும். அந்த வகை எச்.264, எச்.265 ஃபைலைப் பிரிக்கும் டிகோடர் என்விடியாவின் 40 சீரிஸ் வரைக்கும் கிடையாது. எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் அந்த வேலை பிராசசர் தலையில்தான் விழும். 50 சீரிஸில்தான் கார்டே அதைச் செய்கிறது. ஆக, எனக்குப் புது ஜெனரேஷன் எதிர்காலத்துக்காக இல்லை, அடுத்த முகூர்த்தத்துக்கே தேவைப்பட்டது. இதையும் சொல்லிவிடுகிறேன்: இன்டெல் 11-ஆவது தலைமுறையோ அதற்கு மேலோ உள்ள பிராசசர், அதில் உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்றால், எச்.265 4:2:2-ஐ அதுவே பிரித்துவிடும். அப்படிப்பட்ட சிஸ்டம் வைத்திருக்கும் எடிட்டர்கள் முதலில் எடிட்டிங் சாஃப்ட்வேரில் அந்த டிகோடிங் செட்டிங்கை ஆன் செய்து பாருங்கள், செலவே இல்லாமல் முடிந்துவிடலாம்.

கடைசியில் பொங்கலுக்கு முன்னால் 5060 டிஐ 16 ஜிபி வாங்கினேன், அதே டவுன்ஹால் ரோட்டுக் கடையில், பில்லோடு. ஜாக்கிரதை, 5060 டிஐ என்ற ஒரே பெயரில் 8 ஜிபியும் இருக்கிறது, 16 ஜிபியும் இருக்கிறது. அறிமுகத்தில் அமெரிக்க விலை 379 டாலர், 429 டாலர். 50 டாலர்தான் வித்தியாசம், இங்கே அது இன்னும் கூடுதலாகத்தான் சொல்கிறார்கள், வாரத்துக்கு ஒரு விலை வேறு. பெட்டியில் 16 என்று போட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கார்டு விலையோடு கணக்கு முடியவில்லை. இது 180 வாட், என்விடியா 600 வாட் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை) போடச் சொல்கிறது, என்னிடம் இருந்தது 450. ஆகவே 650 வாட் ஒன்று புதிதாக வாங்கினேன். யுபிஎஸ்ஸை யோசிக்கவே இல்லை, அது என் தவறு. 600 விஏ யுபிஎஸ் 1650-க்குச் சரியாக இருந்தது, புதுக் கார்டில் ரெண்டர் ஓடும்போது கரண்ட் போனதும் ஒரு கூவல், அடுத்த வினாடி எல்லாம் ஆஃப். நாற்பது நிமிட ரெண்டர் போனது. அதையும் மாற்றிய பிறகுதான் நிம்மதி. புதுக் கார்டுக்குப் பட்ஜெட் போடுகிறவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.

இந்த நாலு மாதத்தில் ப்ராக்ஸி ஒருமுறைகூடப் போடவில்லை. இரண்டு கேமரா ஃபைலும் அப்படியே டைம்லைனில் ஓடுகிறது, நாய்ஸ் குறைத்தாலும் மெமரி நிரம்பிய செய்தி வரவில்லை. சித்திரைத் திருவிழா சமயத்து வெயிலில் ஏசி இல்லாத அறையில் நீண்ட ரெண்டரில் 72, 73 டிகிரி காட்டியது, சத்தமும் பெரிதாக இல்லை. கேம் நான் அதிகம் விளையாடுவதில்லை, தம்பி டூம் போட்டுப் பார்த்தான், நன்றாகவே ஓடுகிறது. மல்டி ஃப்ரேம் ஜெனரேஷன் மட்டும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. கார்டு வரையும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் செயற்கையாக உருவாக்கிய ஃப்ரேம்கள் பலவற்றைச் சேர்த்துக்கொடுக்கும், எண் பெரிதாகத் தெரியும், ஆனால் அடிப்படை வேகம் குறைவாக இருந்தால் மவுஸை நகர்த்தும்போது கை உணர்ந்துவிடுகிறது. அதற்காக யாரும் இந்த கார்டை வாங்க வேண்டாம்.

போன வாரம் மேலூர்க்காரன் வந்திருந்தான். பார்த்துவிட்டு, "மாப்ள, நானும் 2060-ஐத் தள்ளிட்டு இதுக்கு மாறிரவா?" என்றான். என்ன மானிட்டர் என்று கேட்டேன், 1080பி, 60 ஹெர்ட்ஸ். என்ன விளையாடுகிறாய் என்றேன், வாலரண்ட், எப்போதாவது கிரிக்கெட். மாற்றாதே என்றேன். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வா, என்னிடம் புளோயர் இருக்கிறது, தூசி ஊதி தெர்மல் பேஸ்ட் மாற்றித் தருகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறான்.